ஒரே வெடி: சித்தூர், திருப்பதி மலைகளில் நாட்டுத் துப்பாக்கியும் மான் வேட்டையும்

குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, மேலே குண்டைப் போட்டுச் சுடும் துப்பாக்கியைப் படைகள் கைவிட்டு நூற்றைம்பது ஆண்டு ஆகிறது. ஆனாலும் அது சாகவில்லை. அமெரிக்காவின் மான் காடுகளில் பணம் கொடுத்து அனுபவிக்கும் பொழுதுபோக்காக இருக்கிறது. சேஷாசலம், கௌண்டின்யா காடுகளிலும், அவற்றுக்குத் தெற்கே ஜவ்வாது, கல்வராயன் மலைகளிலும் கூரைக்குள் செருகிவைத்த குற்றமாக இருக்கிறது. கருவி ஒன்றுதான், குறியும் மான்தான். அங்கே வேட்டை முடிந்தால் கதை சொல்கிறார்கள். இங்கே வழக்கு எழுதுகிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்குத் துப்பாக்கி காரணமல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் இன்பங்கள் எல்லாம் பகல் வெளிச்சத்தையும் நிதானத்தையும் நம்பியிருப்பவை. அதே துப்பாக்கியை ஒளித்து வைத்து, இரவில் எடுத்து, ஓடி ஒளியும் அவசரத்தில் சுட்டால் அந்த இன்பங்கள் ஒவ்வொன்றும் விபத்தாகத் திரும்புகின்றன. அந்த மறைவு எப்படி வந்தது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

வில்லும் வெடியும்

வேங்கடத்தைச் சுற்றியுள்ள நாடு தமிழ் நினைவில் வேடர் நாடாகவே இருக்கிறது. காளத்தி மலைச்சாரலில் பன்றியை வீழ்த்தி, அதன் இறைச்சியைச் சுவை பார்த்து ஈசனுக்குப் படைத்த கண்ணப்பரின் ஊர் உடுப்பூர் என்கிறது பெரியபுராணம். அந்தக் காளத்தி இன்றைய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வேட்டையை இழிவாகப் பார்க்காத மரபு இந்த மண்ணுக்கு உண்டு என்பதற்குப் பெரிய சான்று தேவையில்லை.

வில்லின் இடத்தைத் திரித் துப்பாக்கி பிடித்தது பாளையக்காரர் காலத்தில். கங்குந்தி, புங்கனூர், பங்காருபாளையம், நாரகண்டி முதலிய சித்தூர்ப் பாளையங்களின் காவற்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டு வழிகளைக் காத்தார்கள். 1801-ல் ஆர்க்காட்டுச் சீமை கும்பினியின் கைக்குப் போனது. 1804-ல் சித்தூர்ப் பாளையக்காரர்களில் பலர் கலகம் செய்து தோற்றார்கள். காவல் போனது, ஆயுதம் கிராமத்திலேயே தங்கியது.

திரி போய்ச் சிக்கிமுக்கிக் கல் வந்தது, கல் போய், தட்டினால் வெடிக்கும் கேப்பு வந்தது. 1857 கலகத்துக்குத் தீ வைத்த கொழுப்புத் தடவிய தோட்டாவும் வாய்வழி அடைக்கும் என்ஃபீல்டு துப்பாக்கிக்கானதுதான். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாய்க்குள் கொட்ட வேண்டும். சில ஆண்டுகளில் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்து பட்டாளத்திலிருந்து பழையதை விரட்டின. அதே சமயம் 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றது; வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. அடுத்த ஆண்டே நீலகிரிக்கு வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லை போட்டது. ஆக, 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாவதற்கு முன்பே வேட்டை இரண்டாகப் பிரிந்துவிட்டது. துரையும் ஜமீந்தாரும் ரைபிளோடு போனால் ஷிகார், மலைக்காரன் மருந்துத் துப்பாக்கியோடு போனால் திருட்டு வேட்டை.

அந்தப் பிரிவினையின் லைசென்ஸ் உள்ள பக்கத்திலிருந்து எழுதியவர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். 1954-ல் வெளியான அவருடைய முதல் நூலில் சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலிக்கு ஒரு அத்தியாயம் உண்டு. பாக்கராப்பேட்டை, மாமண்டூர், நாகப்பட்லா என்று திருப்பதியைச் சுற்றியுள்ள காட்டு ஊர்கள் அவர் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர்கள். அதே நூலில் தருமபுரிப் பக்கத்துச் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரி இனத்தவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பழைய மருந்துத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திருட்டு வேட்டையாடிய பைராவைத் தன் குருவாகவும் நண்பராகவும் அவர் கொண்டாடுகிறார். லைசென்ஸ் உள்ளவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் லைசென்ஸ் இல்லாதவர்!

இன்பம் என்பது என்ன?

இந்தத் துப்பாக்கியின் ருசி அதன் குறையில் இருக்கிறது. முதலில் குழாய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அளந்த கரிமருந்து. அதன்மேல் தேங்காய் நாரோ துணியோ வைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இறுக்கம் கைக்குத் தெரியும். கம்பி துள்ளித் திரும்பினால் மருந்து படிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ரவையோ குண்டோ, அது உருண்டு வெளியே வராமல் இன்னொரு நார். கடைசியில் கேப்பு. பழகிய கைக்கும் நிமிடக் கணக்கில் ஆகும் வேலை இது. அதுவரை மான் காத்திருக்காது. எனவே கையில் இருப்பது ஒரே வெடி.

ஒரே வெடி என்பதால் கிட்டத்தில் போக வேண்டும். உட்புறம் வழவழப்பான குழாயிலிருந்து புறப்படும் குண்டை ஐம்பது அறுபது கஜத்துக்கு மேல் நம்ப முடியாது. புள்ளிமானுக்கு அவ்வளவு நெருக்கத்தில் போவது சாமானியமல்ல. காற்று முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் வாசனை முந்திப் போய்விடும். மரத்து மேல் அனுமன் மந்தி பார்த்துவிட்டால் கீழே மேயும் மானுக்குத் தகவல் போய்விடும். இரண்டும் ஒன்றின் எச்சரிக்கையை மற்றது கேட்டு நடப்பவை. முன்னங்காலால் தரையைத் தட்டி, ஒரு கூர்மையான குரல் கொடுத்து மந்தை முழுக்க நிமிர்ந்துவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது.

வெடித்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. கந்தக நாற்றத்தோடு வெள்ளைப் புகை எழுந்து எதிரே திரை போட்டுவிடும். பட்டதா, தப்பியதா என்று புகை கலைந்த பிறகே தெரியும். அந்த ஓரிரு நொடிப் பதைப்புக்காகவே இந்தத் துப்பாக்கியை விடாதவர்கள் உண்டு.

அமெரிக்கர்கள் இந்தப் பதைப்பை ஒரு விளையாட்டாகவே வகுத்துவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு பருவம், வாய்வழித் துப்பாக்கிக்குத் தனிப் பருவம். பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமான மான் பருவம் 1974-ல் தொடங்கியது. 1985-ல் டோனி நைட் கொண்டுவந்த புதுவகைத் துப்பாக்கியில் மருந்துக்கு நேர் பின்னாலேயே கேப்பு உட்கார்ந்தது. மழையிலும் நம்பிச் சுட முடிந்தது. ‘இது பழைய துப்பாக்கியே இல்லை’ என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. எவ்வளவு கஷ்டம் இருந்தால் அது நேர்மையான வேட்டை என்பதே அந்தச் சண்டையின் சாரம்.

அந்த நேர்மைக்கு வேறு தூண்கள் உண்டு. குட்டிகள் வளர்ந்த பிறகே பருவம் திறக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். இருட்டிய பிறகு சுடக் கூடாது. ஆரஞ்சு நிற மேல்சட்டை பல மாநிலங்களில் கட்டாயம். காயம்பட்ட மானைத் தேடிக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரனின் கடமை. துப்பாக்கியை எண்பது ரூபாய்ப் பொருளாக்கினாலும் எட்டு லட்ச ரூபாய்ப் பொருளாக்கினாலும் இந்தத் தூண்கள் மாறுவதில்லை.

நம் மலையில் நடப்பது

சேஷாசலத்தில் இந்தத் தூண் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் வேட்டையே சட்டவிரோதம். சட்டவிரோதமான காரியம் தனக்கென்று ஒரு முறையை வளர்த்துக்கொள்கிறது.

முதலாவது, இரவு. தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் மானின் கண் பச்சையாக மின்னும், மிருகம் ஒரு கணம் திகைத்து நிற்கும். அந்தக் கண்ணைக் குறி பார்த்துச் சுடுகிறார்கள். கிட்டத்தில் போகும் கலையும் காற்றைப் படிக்கும் அறிவும் இங்கே தேவைப்படுவதில்லை. கண்ணுக்குப் பின்னால் நிற்பது ஆணா, பெண்ணா, பால் கொடுக்கும் தாயா என்பதும் தெரியாது. புள்ளிமான் ஆண்டு முழுவதும் ஈனும் இனம். எந்த மாதத்தில் எந்தப் பெண் மானைச் சுட்டாலும் சினையோ குட்டியோ சேர்ந்து சாகலாம்.

இரண்டாவது, துப்பாக்கியின் தரம். படைப்பட்டறையில் அழுத்தம் சோதித்து வரும் குழாயல்ல அது. கிடைத்த இரும்புக் குழாயில் நாட்டுக் கொல்லன் செய்தது. தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸ் பறிமுதல் பட்டியலில் தவறாமல் வரும் ‘பால்ரஸ் குண்டு’ என்பது இயந்திரங்களின் தாங்கு உருளையிலிருந்து எடுத்த இரும்பு மணி. ஈயத்தைவிடக் கடினமானது, குழாயை உள்ளே கீறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, கெட்டித்தபடியே வைத்திருப்பது. காட்டில் நின்று நிதானமாக அடைக்க நேரமில்லை என்று வீட்டிலேயே அடைத்துக் கொண்டுவருகிறார்கள். மிருகம் கிடைக்காத இரவில் மருந்தோடு திரும்புகிறது துப்பாக்கி. கூரையில், வைக்கோல் போரில், புதரில் ஒளிந்துகொள்கிறது. அங்கேதான் பெரும்பாலான விபத்துக்கு விதை விழுகிறது.

விபத்தின் வகைகள்

கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாக மிஞ்சும். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் வெந்நீரில் குழாயைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். ஒளித்து வைத்த துப்பாக்கியை யார் முற்றத்தில் உட்கார்ந்து கழுவுவது? அரிப்பு ஏறிய குழாய் ஒரு நாள் வெடித்துக் கிழிகிறது. கிழிவது வழக்கமாகப் பின்பகுதியில், அதாவது சுடுபவனின் கண்ணும் கையும் இருக்கும் இடத்தில்.

மருந்து ஈரமானால் கேப்பு வெடித்தும் குண்டு புறப்படாது. போய்விட்டது என்று குழாயை இறக்கும்போது ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். ஏற்கெனவே அடைத்திருப்பதை மறந்து, அல்லது வேறொருவர் அடைத்தது தெரியாமல், மேலும் ஒரு மருந்தை அடைப்பது இன்னொரு வகை. அவசரத்தில் கம்பியை உள்ளேயே விட்டுச் சுட்டுவிடுவது அமெரிக்காவிலும் நடக்கிற பிசகு. பட்டாசு மருந்தும் பாறை உடைக்கும் மருந்தும் கரிமருந்தைப் போல எரிவதில்லை. அவற்றை நிரப்பினால் அளவு தப்பும், குழாய் தாங்காது.

இவற்றை எல்லாம்விடக் கொடியது ஆளை மிருகம் என்று நினைத்துச் சுடுவது. காட்டுப் பன்றி என்று நினைத்துச் சுட்டதில் கூட வந்தவர் இறந்தார் என்ற செய்தி தமிழ், தெலுங்கு நாளிதழ்களில் ஆண்டு தவறாமல் வருகிறது. இரண்டு பக்கமாகப் பிரிந்து மிருகத்தை வளைக்கும் கூட்டத்தில், டார்ச் அணைந்த இருட்டில், புதர் அசைந்தால் விரல் முந்திவிடுகிறது. செத்தவரும் சுட்டவரும் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். பிறகு உடலை மறைப்பதா, போலீசில் சொல்வதா என்று விடியும்வரை பேச்சு. காயம் மட்டுமென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள், துப்பாக்கிக் காயம் என்றாலே டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். நாரும் துணியும் அழுக்கும் சதைக்குள் புகுந்த காயம் அது. ஒரு நாள் தாமதித்தாலே சீழ் பிடிக்கும்.

மானுக்கு நேர்வதும் விபத்துதான், அதைக் கணக்கில் எடுப்பவர் இல்லை. ரவை வயிற்றில் பட்ட மான் விழாது, ஓடும். அமெரிக்க வேட்டைக்காரன் அரை மணி பொறுத்து, இலையில் தெறித்த ரத்தத்தைப் பார்த்துப் பின்தொடர்வான். பளிச்சென்ற சிவப்பில் நுரை கண்டால் நுரையீரல், கரும்பச்சை கலந்திருந்தால் குடல் என்று படிப்பான். இங்கே விடிந்தால் வன ஊழியர் வருவார், எனவே இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். மான் எங்கோ ஒரு ஓடையில் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும்.

அடிபட்டது மாமிசம் தின்னும் மிருகமானால் கணக்கு ஊர் தலையில் விழும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் புலியின் வலப்புறக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது 436 பேரைக் கொன்றது என்று அவர் எழுதினார்.

பாக் நீரிணைக்கு அப்பால் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ‘இடியன் துவக்கு’ என்று சொல்வது இதே துப்பாக்கியைத்தான். மரைக்கும் மானுக்கும் தோளில் தூக்கிப் போனதை ஒரு கட்டத்தில் ஆள் இல்லாமல் பாதையோரம் கட்டிவைத்தார்கள். குறுக்கே இழுத்த நூலை எது தட்டினாலும் வெடிக்கும். இந்தக் கட்டுத்துவக்கு விறகு பொறுக்கப் போனவர்களின் காலையும் தொடையையும் சிதைத்ததைப் பற்றி இலங்கை அறுவை மருத்துவர்கள் தனிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். பொறுமையின் கருவி, கண்ணும் மனமும் இல்லாத பொறியாக முடிந்தது.

ஒன்றோடொன்று உரசும் சட்டங்கள்

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு விநோதம் தெரியும். 1959-ன் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி அடைக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வேறு துப்பாக்கி வேண்டுமானால், இது போதாது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். விவசாயிக்கு உரிய ஆயுதம் இதுதான் என்று நாடாளுமன்றமே நினைத்த காலம் அது.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சில மிருகங்களை லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடம் விட்டிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் அடைத்தது. இன்று புள்ளிமானைச் சுட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சரணாலயத்துக்குள் சுட்டால் மூன்றிலிருந்து ஏழாண்டு. திருப்பதியைச் சுற்றிய காட்டில் பெரும்பகுதி 1989-ல் அறிவித்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது; பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். ஆகவே பல இடங்களில் கடும் தண்டனைதான் பொருந்தும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டாண்டு.

விளைவு இதுதான்: லைசென்ஸ் உள்ள விவசாயி துப்பாக்கி வைத்திருக்கலாம், மிருகத்தின்மேல் சுடக் கூடாது. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டலாம். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பன்றியும் மானும் தேர்தல் பார்த்து வயலுக்கு வருவதில்லை.

நரிக்குறவர் நிலை இன்னும் சிக்கல். ஆந்திரத்தில் நக்கலவர் என்று அழைக்கப்படும் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023-ல்தான் அந்தச் சேர்க்கை நடந்தது. நரியும் பறவையும் சுட்டுப் பிழைத்த குடும்பங்களின் தோளில் இருந்த துப்பாக்கி தொழிற்கருவி. வேட்டை தடைப்பட்டதும் பாசிமணிக்கு மாறினார்கள்.

இவர்களையும், வேர்க்கடலைக் கொல்லையைக் காக்கும் விவசாயியையும், காரில் வந்து மான் கறி கேட்கும் நகரத்தாரையும், கறியை விற்கும் கும்பலையும் ஒரே சட்டப்பிரிவு ஒரே பெயரில் எழுதுகிறது. குற்றம் ஒன்றாக இருக்கலாம். காரணம் நான்கு என்பதால் மருந்தும் நான்காக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் சேஷாசலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. செம்மரக் கடத்தலால் அந்தக் காட்டின் இரவு போர்க்களம் ஆகிவிட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோதல் என்றது காவல் துறை, மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அப்படிப்பட்ட காட்டில் நாட்டுத் துப்பாக்கியும் தலை விளக்குமாக நடப்பவன் மானுக்கு வந்தவன் என்று யார் நம்புவார்?

என்ன செய்யலாம்?

துப்பாக்கியைப் பிடுங்குவது மட்டும் பதிலாகாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் அதிகாரிகள் கெடு வைத்து, ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்றபோது, பெயர் சொல்லாமல் பொது இடத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பயம் போனால் துப்பாக்கி வெளியே வரும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் பயிர்ச் சேதம் அப்படியே நின்றால் துப்பாக்கியின் இடத்தில் மின்கம்பியும், பழத்துக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயும் வரும். இரண்டும் நாட்டுத் துப்பாக்கியைவிட மோசம். கம்பி யானையையும் கொல்லும், விடிகாலையில் தண்ணீர் கட்டப் போன விவசாயியையும் கொல்லும்.

எனவே ஒப்படைப்போடு மூன்று காரியங்கள் சேர வேண்டும். முதலாவது, சேதத்துக்கு அந்தப் பருவத்துக்குள்ளேயே பணம். யானைக்காக 2025-ல் கர்நாடகத்திலிருந்து நான்கு கும்கிகள் பலமனேர்ப் பக்கம் வந்தன. பன்றியும் மானும் தின்ற வேர்க்கடலைக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. இரண்டாவது, பன்றித் தொல்லை மிஞ்சிய இடத்தில் வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் உள்ள அனுமதியைப் பயன்படுத்த வேண்டும். கேரளம் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக இதைச் செய்கிறது. சுடுவது பயிற்சி பெற்ற ஆளாக, நல்ல துப்பாக்கியோடு, பதிவேட்டில் எழுதிவிட்டுச் சுட வேண்டும். மானுக்கு இந்த வழி வேண்டாம், வேலியே போதும். மூன்றாவது, துப்பாக்கிக் காயத்தோடு வருபவருக்குச் சிகிச்சை முதலில், விசாரணை பிறகு என்பது மலைக் கிராமங்களுக்குத் தெரிய வேண்டும்.

வேட்டையின் இன்பத்துக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டால், பாதிக்கு மேல் உண்டு. தடம் பார்ப்பது, காற்றைப் படிப்பது, மந்தியின் குரலைக் கேட்டுச் சிறுத்தை எங்கே என்று சொல்வது ஆகிய அறிவுக்கு நல்லமலையில் சம்பளம் கிடைக்கிறது. அங்குள்ள புலிகள் காப்பகத்தில் செஞ்சு மக்கள் காவலர்களாக வேலை செய்கிறார்கள். சேஷாசலத்தின் யானாதி, இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே வேலையை அதே மதிப்போடு கொடுப்பதில் தடை ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் பாதி, வெடியும் கறியும். அதற்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற பருவமும் சீட்டும் இங்கே வர வழியில்லை. மிஞ்சியிருக்கும் மான்களின் எண்ணிக்கை அந்த ஆடம்பரத்தைத் தாங்காது. அதை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயமே. அதற்கு ஈடாக, கொல்லையில் போன கடலைக்குப் பணம் அந்த அறுவடைக்குள் வந்து சேர வேண்டும்.